சேவலின் குணமறிந்து வளர்ப்போம்

(கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சேவல் பற்றி நம்மிடம் வரும் முறையீடுகள் மூன்று. பிள்ளைகளைக் கொத்துகிறது; பெட்டைகளின் முதுகு மொட்டையாகிறது; கூவுவதால் பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடுகிறது. மூன்றையும் சமாளிக்கலாம். அதற்கு முதலில் அதன் குணத்தை அறிய வேண்டும்.

சேவல் தன் கூட்டத்தின் காவலாளி. இரை கண்டால் "குக் குக்" என்று குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கும். பருந்தைக் கண்டால் எச்சரிக்கும். பருவம் வந்ததும் இந்தக் காவல் உணர்வு முற்றுகிறது. அப்போது ஓடியாடும் பிள்ளையும் அதற்கு எதிரியாகத் தெரியலாம். நம்மைப் பார்த்துக் கழுத்து இறகைச் சிலிர்த்தாலோ, சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வந்தாலோ, பாயப் போகிறது என்று பொருள். அப்போது உதைக்காதீர்கள், அது சண்டையை வளர்க்கும். ஓடவும் வேண்டாம். அசையாமல் நின்று, அது தணிந்தபின் விலகுங்கள்.

சிறுபிள்ளைகளைச் சேவல் இருக்குமிடத்தில் தனியே விடாதீர்கள். கால்முள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோலில் காயம்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருப்பது நல்லது. நான்கு பெட்டைகளுக்கு இரண்டு சேவல் இருந்தால், அவை மிதித்து மிதித்தே பெட்டைகளின் முதுகு புண்ணாகும். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும்.

சேவல் கூவுவதை ஏசக்கூடாது என்று மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விடியுமுன் கூவுவது அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின் வேலை என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதை முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் வெளிச்சம் பட்டாலும், வேறு சேவலின் குரல் கேட்டாலும் அது கூவும். ஆகவே தெருவிளக்கு படாதபடி, காற்றோட்டம் மட்டும் விட்டுக் கூட்டை மறையுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கூடு வைக்காதீர்கள். அண்டை வீட்டாரின் உறக்கமும் அவர்களுக்குரிய ஹக்குதான்.

இத்தனைக்குப் பிறகும் பாய்கிற சேவலை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். அதன் குணம் குஞ்சுகளுக்கும் வரலாம். அறுத்து உண்ணலாம். விற்பதானால் அதன் குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். சண்டைக்கு விடுவோரிடம் மட்டும் கொடுக்கவே வேண்டாம். பிராணிகளை மோதவிடுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது.

வீட்டுக்குப் போனதும் உங்கள் கோழிகளை எண்ணிப் பாருங்கள்: பெட்டை எத்தனை, சேவல் எத்தனை? பெட்டைகளின் முதுகையும் தடவிப் பாருங்கள். வாயில்லாத அந்த உயிர்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.