கண்ணாடி மூடியும் கைத்திறனும்



1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆந் திகதி காலையில் நம் துறைமுகத்தின் மேல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சீனன்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை 261 ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள். அன்று அதைக் கண்ட சிறுவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பின் அந்நாளைச் சொல்வார் யார்? நாம் செய்துவைக்கும் மாதிரி விமானங்களும் ஒருவகைச் சாட்சிகளே.

ஹரிக்கேனின் சிறகு 40 அடி அகலம். 72 இல் ஒரு பங்காக்கினால் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். அதில் விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி மிகச் சிறியது. முதலில் உடைவதும் தொலைவதும் அதுவே. அது போனதும் முழு விமானத்தையும் பரணில் போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. மூடியை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் மரத்துண்டில் மூடியின் வடிவைச் செதுக்குங்கள். பிளாத்திக்குத் தகட்டின் கனம் பின்னர் சேருமாதலால் அச்சு மயிரிழை சிறிதாக இருக்கட்டும். அடிப்பாகத்தை வேண்டிய உயரத்துக்கு மேலாக விடுங்கள். மணற்கடதாசியால் நன்றாகத் தேயுங்கள்; மரத்தின் வரி ஒன்று மிஞ்சினாலும் அது கண்ணாடியிற் பதிந்துவிடும்.

அடுத்து, வெறுமையான சோடாப் போத்தல் ஒன்றின் நடுப்பகுதியை வெட்டி, அச்சை உள்ளே இறுக்கி நிறுத்துங்கள். தொழிற்சாலையில் அப்போத்தல் சிறு குழாயாக இருந்து இழுத்து ஊதப்பட்டது. சூடு கண்டதும் பழைய அளவுக்குச் சுருங்க முயலும்; அச்சை இறுகத் தழுவிக்கொள்ளும். சூடான காற்று வீசும் கருவியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரே இடத்தில் அதிகம் காய்ந்தால் பால்போல் வெளுத்துவிடும். மெழுகுதிரிச் சுவாலை வேண்டாம், கரி படியும். கையுறை அவசியம், யன்னல் திறந்திருக்கவேண்டும், சிறுவர் செய்வதாயின் பெரியவர் ஒருவர் அருகிலிருக்க வேண்டும்.

ஆறியபின் கூரிய கத்தியால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். ஒரே வெட்டில் முடிக்க நினைத்தால் பிளந்துவிடும்.

ஒட்டும் விஷயத்தில் நாம் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். அவசரத்தில் நொடியில் ஒட்டும் பசையைப் பூசினோம். மறுநாட் காலை மூடி முழுவதும் பனி படிந்ததுபோல் மங்கிக் கிடந்தது. அப்பசையின் ஆவி செய்த வேலை அது. இரண்டு மாலை உழைப்பு வீணாயிற்று. பின்னர் மரவேலைக்கு உதவும் வெண்பசையைப் பயன்படுத்தினோம், காய்ந்ததும் தெளிவாகிவிட்டது. சிறு பக்கச் சாளரங்களுக்கு அப்பசையைத் துவாரத்தில் மெல்லிய படலமாக இழுத்துவிட்டாலே போதும்.

உண்மை விமானத்தின் மூடிக்கு உதவிய பேர்ஸ்பெக்ஸும் இவ்வாறே சூடாக்கி வளைக்கப்பட்டதுதான். அத்தகைய மூடியினூடாகத்தான் அன்று ஒருவர் நம் வானத்தை உற்று நோக்கினார். அதில் ஒரு கீறல் அவர் உயிருக்கே உலையாகியிருக்கலாம்.

எனவே நண்பர்களே, பரணில் கிடக்கும் விமானத்தை இறக்குங்கள். மூடியைச் செய்து பொருத்துங்கள். பின்பு அதை உங்கள் ஒழுங்கையிலுள்ள மிக முதிய ஒருவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதைக் கையில் வாங்கியதும் அவர் பேசத் தொடங்கலாம். அவர் சொல்வதை அன்றே எழுதி வையுங்கள். மூடியை மீண்டும் செய்யலாம். அவர் நினைவை நம்மாற் செய்ய முடியாது.