சிறைவாசிகளின் மருத்துவ உரிமை: நாள்பட்ட நோய்களும் இந்தியச் சட்டமும்

நீரிழிவு, வலிப்பு, இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதோடு தீர்ந்துவிடும் நோய்கள் அல்ல. மாத்திரை வேளை தவறக் கூடாது; இன்சுலினைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும்; டயாலிசிஸ் குறித்த நாளில் நடந்தாக வேண்டும். வெளியில் இருப்பவர் இவற்றைத் தாமே பார்த்துக்கொள்வார். சிறைவாசியால் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு மாத்திரைகூட வாங்க முடியாது. ஒருவரின் நடமாட்டத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது அவருடைய உடலைக் காக்கும் கடமையும் அதன் பொறுப்பாகிறது. சிறை மருத்துவம் சலுகையாக இல்லாமல் உரிமையாக நிற்பதற்கு இதுவே அடிப்படை.

அரசமைப்பும் தீர்ப்புகளும்

அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உரியது. சிறைக் கதவு மூடியதும் அடிப்படை உரிமைகள் அற்றுப்போவதில்லை என்று சுனில் பத்ரா வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றம் செய்தவரா, செய்யாதவரா என்று பாராமல் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கு (1989) நிலைநாட்டியது. பெங்களூர் மத்திய சிறையிலிருந்து வந்த கடிதத்தில் தொடங்கிய ராமமூர்த்தி வழக்கின் தீர்ப்பு (1996), சிறைகளின் ஒன்பது குறைகளுள் ஒன்றாக உடல்நலப் புறக்கணிப்பைச் சேர்த்தது. சிறைவாசிக்கு இரட்டைப் பாதிப்பு உண்டு என்பதை அது எடுத்துக்காட்டியது: வெளியில் கிடைக்கும் மருத்துவ வசதி அவருக்கு எட்டாது, சிறைச் சூழலோ நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

சட்ட விதிகள்

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் பழையதாயினும் இதில் தெளிவாகப் பேசுகிறது. சிறைக்கு வருபவரை விரைவில் மருத்துவப் பரிசோதனை செய்து, உடல்நிலையைப் பதிவு செய்ய வேண்டும் (பிரிவு 24). பயணத்துக்குத் தகுதியற்ற அளவில் நோயுற்றவரை வேறு சிறைக்கு மாற்றக் கூடாது (26). நோயுற்றவர் பற்றிய தகவல் தாமதமின்றி மேலே போக வேண்டும் (37). மருந்து வழங்கும் உத்தரவுகள் போன்றவை நீங்கலாக, மருத்துவரின் அறிவுரைகளைச் சிறைவாசியின் பதிவுச் சீட்டில் அன்றன்றே எழுத வேண்டும் (38). ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிகளுக்கு ஏற்ற இடமோ இருக்க வேண்டும் (39). நாள்பட்ட நோயாளிக்கு 24, 38ஆம் பிரிவுகளே உயிர்நாடி. முதல் நாளில் நோயும் அன்றன்று மருத்துவரின் அறிவுரையும் பதிவானால்தான் சிறை மாறினாலும் மருத்துவர் மாறினாலும் சிகிச்சை அறுபடாது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், அரசின் காவலில் இருப்பவருக்கும் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை ஆகியவற்றை உரிமையாக்குகிறது. அதே ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைக்கச் சொல்கிறது. 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மண்டேலா விதிகள் மூன்று நெறிகளை வகுக்கின்றன: சமூகத்தில் கிடைக்கும் அதே தரத்தில் இலவச சிகிச்சை, இடைவெளியற்ற தொடர்ச்சி, மருத்துவ முடிவை மருத்துவரல்லாத சிறை அலுவலர் மாற்றக் கூடாது என்ற வரம்பு.

நடைமுறையில் அறுபடும் இடம்

சிறை மருத்துவர் வெளி மருத்துவமனைக்குப் பரிந்துரை எழுதினாலும் வழிக்காவலுக்குப் போலீசார் வந்தால்தான் வண்டி கிளம்பும். போலீசார் பந்தோபஸ்துப் பணிக்குப் போய்விட்டால் மருத்துவமனைத் தேதி தவறும். பரிந்துரைச் சீட்டு கையில் இருந்தும் சிகிச்சை கிடைக்காமல் போவது இப்படித்தான்.

தடை வழிக்காவலோடு முடிவதில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, மும்பையை அடுத்த தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சுகுழல் வைத்த குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, மருத்துவப் பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, 84 வயதில் மருத்துவமனையில் இறந்தார். அதே வழக்கில் கைதான கவிஞர் வரவர ராவுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஆறு மாத மருத்துவப் பிணை தந்தது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கால வரம்பற்ற பிணை வழங்கியது.

தீர்வு வழிகள்

கடும் குற்றச்சாட்டிலும் நோயுற்றவருக்குப் பிணை வழங்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு இடம் தருகிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் இவ்விலக்கு உண்டு. ஊபா சட்டத்தின் பிணைப் பிரிவில் இத்தகைய வெளிப்படையான விலக்கு இல்லை. அவ்வழக்குகளில் அரசமைப்பின் 21ஆம் பிரிவையே நம்ப வேண்டியிருக்கிறது. சிகிச்சை மறுக்கப்பட்டால் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அரசின் காவலில் நேரும் உயிரிழப்புக்கு இழப்பீடு கோரலாம் என்பதை நிலபதி பெஹெரா வழக்கு (1993) உறுதி செய்தது. இவற்றுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று எந்தச் சிறைவாசியும் ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது.