வாடகை வீடும் வெள்ளைச் சுவரும்



தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர், பிள்ளைகளின் வேலையையும் படிப்பையும் முன்னிட்டு இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்படிக் குடியேறிய பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். அவருடைய தாயார் காப்பியைக் கொடுத்துவிட்டு, "சுவரைப் பாருங்க சார், ஆஸ்பத்திரி மாதிரி ஒரே வெள்ளை. விளக்கு வைக்கிற வீடு மாதிரியா இருக்கு?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இதற்கு முன் இருந்த வாடகை வீட்டில் கூடம் முழுவதற்கும் கடும் நீலச் சாயம் பூசினார்களாம். காலி செய்தபோது, மறுபடியும் வெள்ளையடிக்கும் செலவுக்கென்று முன்பணத்தில் 600 வெள்ளியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாராம். ஆகவே இந்த வீட்டில் சுவரைத் தொடவே அவர்களுக்குப் பயம்.

பணமும் போகக்கூடாது, வீடும் நம் வீடாகத் தெரியவேண்டும். இதற்கு வழி என்ன என்பதை இன்று பார்ப்போம்.

வாடகை வீடுகளுக்கு வெள்ளை, பால் நிறம், சந்தனம், மணல் நிறம், வெளிர் சாம்பல் ஆகியவற்றையே பெரும்பாலும் பூசுகிறார்கள். இவற்றை நடுநிலை நிறங்கள் என்பார்கள். எந்த நிறத்துச் சாமானை அருகில் வைத்தாலும் இவை அதனோடு சண்டை போடுவதில்லை. குடியிருப்பவர் மாறும்போது அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் பூசிச் சரிசெய்துவிடலாம். வீட்டுக்காரருக்கு அது வசதி.

நமக்கும் அதில் நன்மை உண்டு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கடும் நீலமோ கரும்பழுப்போ அனுப்புவது ஏறக்குறைய 10 பங்குதான். லயன் வீட்டில் உள்ளே இருட்டாக இருந்தால் பிள்ளை அஞ்சடியில் உட்கார்ந்து படித்தது. அடுக்குமாடியில் அந்த வசதி ஏது? ஓரிரு பக்கத்துச் சன்னல்கள்தாம் வெளிச்சம் தரவேண்டும். வெளிர்நிறச் சுவர் அந்த வெளிச்சத்தைக் கூடத்தின் கடைசி மூலைவரை கொண்டுபோகும்.

ஆனால் ஒன்று. உட்சுவர் வெள்ளையாக இருந்தால் வீடு குளிர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் பெரிய வேறுபாடு வராது. வெளிச்சுவரிலும் கூரையிலும் வெயில் படுவதைப் பொறுத்ததே வீட்டின் சூடு. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோடவிட்டால்தான் வீடு குளிரும்.

சரி, அந்தத் தாயார் சொன்ன ஆஸ்பத்திரித் தோற்றம் எங்கிருந்து வந்தது? அண்ணாந்து பார்த்தேன். காரணம் விளக்கில் இருந்தது! மின்விளக்குப் பெட்டியில் கெல்வின் கணக்கில் 6500 என்று போட்டிருந்தால், அது நீலம் கலந்த வெண்ணொளி. 3000 என்றிருந்தால் இளமஞ்சள் ஒளி. பிள்ளை படிக்கும் மேசைக்கு வெண்ணொளி ஏற்றது. கூடத்தில் இளமஞ்சள் விளக்கைப் போட்டால், அதே வெள்ளைச் சுவர் பாலில் மஞ்சள் கலந்தாற்போல் இதமாகிவிடும்.

அடுத்தது வண்ணம். திரைச்சீலை, தலையணை உறை, மேசை விரிப்பு ஆகியவற்றில் நம் விருப்பத்தைக் காட்டலாம். எல்லா நிறங்களையும் ஒரே அறையில் சேர்க்கவேண்டாம். மஞ்சளோ, மாந்தளிர்ப் பச்சையோ, குங்குமச் சிவப்போ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதையே அறையில் மூன்று இடங்களில் வரச் செய்யுங்கள். கூடத்தில் மெங்குவாங் பாய் ஒன்றும் சன்னலோரம் ஒரு பூச்செடியும் இருந்தால் அழகு நிறைந்துவிடும்.

சுவரைக் காப்பதும் நம் பொறுப்பு. தாளிக்கும் எண்ணெய் தெறிக்கும் அடுப்புக்குப் பின்னால் கழற்றக்கூடிய தகடு ஒன்றை நிறுத்துங்கள். சாமி விளக்கைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள், புகைக்கரி படியாது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி இருந்தால் காற்றோடும். பூசணம் எளிதில் பிடிக்காது. ஆணி அடிக்கவோ சாயம் பூசவோ வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடிபோகும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும், முன்பே உள்ள விரிசல், கறை முதலியவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். நம் நாட்டில் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். உழைத்துச் சேர்த்த அந்தப் பணத்துக்கு அந்தப் படங்களே சாட்சி.

நேயர்களே, லயன் வீடும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது தோட்டத்தின் வீடு. சுவரில் இருந்தது சுண்ணாம்பு வெள்ளைதான். ஆனாலும் வாசற்கோலத்தாலும் மாவிலைத் தோரணத்தாலும் நம் தாய்மார் அதை நம் வீடாக்கினார்கள். வேலைக்காலம் முடிந்து வெளியேறியபோது சுவர் அங்கேயே நின்றது. கோலமிடும் கை நம்மோடு வந்தது.

இதைச் சொன்னதும் அந்தத் தாயார் எழுந்து உள்ளே போனார். பெட்டியிலிருந்து பழைய மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து வந்து, சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதைத் திரையாகத் தைத்தால் எத்தனை சன்னலுக்கு வரும், சார்?" என்று கேட்டார்.

இரண்டு சன்னலுக்கு வந்தது.