நோய் காட்டும் படம்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்தப் பகுதியில் காய்ச்சல், எந்தப் பகுதியில் வயிற்றோட்டம் என்பதைப் படத்திற் குறித்துக் காட்டும் இணையச் செயலியொன்றை அமைக்க நம் இளைஞர் சிலர் விரும்புகின்றனர். நல்ல விருப்பம். அதுபற்றி இரண்டொரு வார்த்தை சொல்லவே எழுந்தேன்.

இது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று இறந்தோர் கணக்கை எடுத்தார். இறப்புகள் புரோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பு ஒன்றைச் சுற்றியே மலிந்திருந்தன. அவர் சொற்கேட்டு அதன் கைபிடியைக் கழற்றினர். பின்னர் அவர் வெளியிட்ட படம் உலகப் புகழ் பெற்றது.

நம் நாட்டிலும் ஒழுங்கான முறையொன்று உண்டு. டெங்கு முதலிய நோய்களைக் காணும் வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வாரந்தோறும் தொற்றுநோயியற் பிரிவுக்குக் கணக்குச் செல்லும். ஆனால் டெங்கு நுளம்பின் முட்டை ஏழு, பத்து நாளில் நுளம்பாகிவிடுகிறது. செய்தி தாமதித்தால் நுளம்பு முந்திவிடும். 2017இல் நம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என அறிவிக்கப்பட்டதை மறந்துவிடலாமா?

இத்தாமதத்தைப் போக்க, 2008ஆம் ஆண்டு தொடங்கிக் கொழும்பிலுள்ள லேர்ண் ஏசியா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி., சர்வோதயம் முதலியவற்றோடு சேர்ந்து ஒரு பரீட்சார்த்தம் நடத்தியது. இங்கே குருநாகலிலும் தமிழ்நாட்டில் சிவகங்கையிலும் நோயாளரின் நோய்க்குறிகளைச் சுகாதாரப் பணியாளர் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பினர். கணினி அவற்றை ஆராய்ந்தது. பிற்பாடு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் நம் மாநகர சபையோடு சேர்ந்து ‘மோ-பஸ்’ என்ற டெங்குச் செயலியை அமைத்தனர்.

ஆகவே கருவி அரிதன்று. அரிதானது யாது? நம்பிக்கை!

2020இல் கொரோனா பரவியபோது கொட்டாஞ்சேனை தனிமைப்படுத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நோயைவிட அயலார் பார்வைக்கு அஞ்சியவர் எத்தனை பேர்! படத்தில் ஒரு வீட்டின்மேல் சிவப்புப் புள்ளி விழுந்தால், அவ்வீட்டார் அடுத்த முறை காய்ச்சலை மறைப்பர். மறைத்த காய்ச்சல் படத்தில் வராது, படம் பொய்யாகும். பொய்ப்படம் படமே இல்லாமையினும் கேடு.

ஆதலால் இளைஞர்களே, மூன்று வேண்டுகோள். முதலாவது, பெயரும் வீட்டிலக்கமும் கேளாதீர்கள். ஒரு வீதியோ, ஒரு தோட்டமோ தெரிந்தாற் போதும். இரண்டாவது, ‘இது டெங்கு’ என்று செயலி தீர்ப்புக் கூறலாகாது. பல நோய்களுக்குக் காய்ச்சல் பொதுக்குறி. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லும்படியும், தாமாக அஸ்பிரின், இபுபுரோபன் விழுங்காதிருக்கும்படியும் சொல்லட்டும். மூன்றாவது, திரட்டியதைச் சுகாதார அதிகாரியிடம் ஒப்படையுங்கள். நடவடிக்கை எடுக்க அதிகாரமுடையவர் அவரே.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளை கேட்கும்போது ‘ஒன்றுமில்லை, வெறும் தடிமன்’ என்று மறைக்காதீர்கள்.

1899இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, இராமகிருஷ்ண மிஷன் தொண்டுக்குத் தலைமை தாங்கிய சகோதரி நிவேதிதை, தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைக் கூட்டினார். அதைக் கண்டு நாணிய இளைஞர் கூடச் சேர்ந்தனர். படம் எங்கே கூட்ட வேண்டுமென்று காட்டும். கூட்டுவது நம் கைகளே. பீலியிலும் பூச்சட்டியிலும் குளிர்ப்பெட்டியின் பின்தட்டிலும் தேங்கிய நீரை எந்தச் செயலியும் ஊற்றிவிடாது. படத்தில் ஒரு வீதி சிவந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையே மன்றத்தார் அங்கே நிற்க வேண்டும். அப்படி நிற்க மனமிருந்தால் செயலியை இன்றே தொடங்குங்கள்.