சேர்ந்து பாடும் இன்பம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாடகன் அல்லாத ஒருவன் பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். பதினான்கு வயதில், பாடசாலைக் கலைவிழாவின் குழுப்பாட்டுக்கு என்னையும் நிறுத்தினார்கள். ஒத்திகையின்போது ஆசிரியர் அருகில் வந்து, "தம்பி, நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வேண்டாம்" என்றார். அன்று மூடிய வாய் திறக்கப் பல ஆண்டுகள் சென்றன. இச்சபையிலும் அவ்வாறு வாய் மூடியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகவே இவ்வுரை.

பாட்டு, குரல்வளம் வாய்த்த சிலருக்கே உரியது என்று நாம் எண்ணிவிட்டோம். வேல்ஸ் நாட்டார் அவ்வாறு எண்ணவில்லை. 19ஆம் நூற்றாண்டிலே அங்கு நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்த மக்கள், தங்கள் தேவாலயங்களிற் கூடிப் பாடினார்கள். ஜோன் கேர்வன் என்னும் பாதிரியார் பரப்பிய 'ரொனிக் சொல்பா' முறை அவர்களுக்குக் கைகொடுத்தது. நமது ச, ரி, க, ம போன்று எழுத்துக்களாற் சுரங்களைக் குறிக்கும் முறை அது. நமது ஷட்ஜத்தைப் போலவே அதன் முதற் சுரத்தையும் எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். அச்சிடச் செலவு குறைவு, கற்பதும் எளிது.

1872ஆம் ஆண்டில், கரடொக் என்று மக்கள் அழைத்த கொல்லர் ஒருவர், தென் வேல்ஸிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட பாடகரை இலண்டன் பளிங்கு மாளிகைப் போட்டிக்கு அழைத்துச் சென்று பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டன் குழுவொன்றையே வென்றார். இன்றும் அபர்டேர் நகரில் அவருக்குச் சிலை நிற்கின்றது.

அவர்கள் பாடியது எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடும் பாட்டன்று. பெண்குரலில் மேலும் கீழும், ஆண்குரலில் மேலும் கீழுமாக நான்கு வரிசைகள், வெவ்வேறு சுரங்களைப் பாடி ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கும். எனக்கு விடிவு கிடைத்ததும் இங்கேதான். உத்தியோக நிமித்தம் கொழும்பிலிருந்தபோது நண்பரொருவர் என்னை ஒரு பாடற் குழுவுக்கு இழுத்துச் சென்றார். குழுத் தலைவர் என் குரலைக் கேட்டுவிட்டு, கீழ் வரிசையில் நிறுத்தினார். அப்போதுதான் விளங்கிற்று: என் குரல் கெட்டதன்று, உடைந்து தாழ்ந்திருந்த அதனைச் சிறுவர் சுருதியிற் பாடச் சொன்னதே பிழை. தனியே கேட்டால் என் வரிசை பாட்டாகவே தோன்றாது. மற்ற மூன்றும் சேர்ந்தவுடன் அதுவே அத்திவாரமாயிற்று. அன்றைய மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு உடலிலும் ஒரு காரணம் உண்டு. சேர்ந்து பாடுவோர் ஒரே இடத்தில் மூச்செடுக்கின்றனர். மூச்சோடு நாடியும் ஏறி இறங்குகின்றது. பாடகரின் இதயத் துடிப்புகள் இவ்வாறு ஒன்றாக ஏறி இறங்குவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013இல் அளந்து காட்டினர்.

"இது மேனாட்டார் வழக்கு, நமக்கு ஒவ்வுமா?" எனச் சில பெரியோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கமகம் நிறைந்த இராகத்தின் மேல் வேறு சுரங்களை வாரி இறைத்தால் இராகம் சிதையும். ஆயினும் நமது தம்பூராவில் ஷட்ஜமும் பஞ்சமமும் இணைந்தே ஒலிக்கின்றன. கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரமும் அதனுள்ளே கேட்கும். இசைவு நமக்குப் புதியதன்று. சென்னையில் எம். பி. ஸ்ரீநிவாசன் இளைஞர் குழுவொன்றை அமைத்து, பாரதியார் பாடல்களைப் பல குரலிற் பாடுவித்து வழி காட்டினார்.

இன்று நம் விழாக்களில் ஒலிபெருக்கி பாடுகின்றது, நாம் கேட்டிருக்கின்றோம். இப்படியே போனால், அடுத்த தலைமுறை தன் குரலையே அறியாது வளரும். ஆதலால் இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலை கூடுங்கள். முதலில் எல்லாரும் ஒரே சுருதியிற் பாடுங்கள். பின்னர் சிலர் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்க, சிலர் பஞ்சமத்தில் நிற்க, ஏனையோர் பாடுங்கள். ஒருவர் காது மற்றவர் குரலைத் தேடும். அதுவே முதற் பாடம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: எந்தப் பிள்ளையையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள். அவனுக்குரிய வரிசையைத் தேடிக் கொடுங்கள்.