பெரட்டுக் கணக்கும் பால் கணக்கும்



கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடியுமுன் பெரட்டு நடைபெற்றதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆட்கள் வரிசையில் நிற்பர். பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிக்கப்படும். அன்று வேலைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே, வராதவரையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்துவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது.

எனினும் தோட்டம் பெரட்டோடு நின்றுவிடவில்லை. வெட்டிய பால் நிறுக்கப்பட்டது. மரப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். மழைநீர் கலந்தால் எடை ஏறும், ரப்பர் ஏறாது. அதனாலேயே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டுப் பார்த்தனர். (அந்தத் தராசடியில் தொழிலாளர் பட்ட இழப்புகள் தனியே பேசவேண்டியவை.)

அத்தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று சுங்கைப் பட்டாணியிலும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் கணினிமுன் அமர்ந்துள்ளனர். இத்தகைய அலுவலர்களின் நேரத்தை எண்ணவும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மைக்ரோசாப்ட் 2021இல் அறிமுகப்படுத்திய விவா இன்சைட்ஸ் அவற்றுள் ஒன்று. கூட்டங்கள், மின்னஞ்சல்கள், அழைப்புகள், அரட்டைச் செய்திகள் ஆகியவற்றில் சென்ற நேரத்தைக் கூட்டி, அதனைக் கூட்டுழைப்பு நேரம் என்று அது காட்டுகிறது.

கூட்டத்தை அது அறிவது நாட்காட்டிக் குறிப்பின் வழியே. பத்துப் பேர் இரண்டு மணி நேரம் கூடினால் இருபது மணி நேரம் பதிவாகும். ஒருவர் பேச ஒன்பதின்மர் வாளாவிருந்தாலும் எண் மாறாது. இயந்திரத்தருகே நின்று இளையவர் மூத்தவரிடம் கால்மணி நேரம் ஐயம் கேட்டுத் தெளிந்தாரெனில், அது எப்பத்தியிலும் ஏறாது. பெரட்டு இருக்கிறது, மெட்ரோலாக் இல்லை.

இவ்வெண் மிகுவது சுமையின் அறிகுறியாகலாம் என உருவாக்கியவர்களே எச்சரிப்பதையும் சொல்லவேண்டும். 2020இன் இறுதியில் அதே நிறுவனத்தின் செயல்திறன் மதிப்பெண் கருவி தனியாட்களின் பெயரோடு எண்களைக் காட்டியபோது எதிர்ப்பு எழுந்தது, பெயர்கள் நீக்கப்பட்டன. ஆயினும் பத்தியின் தலைப்புச் சொல் நிற்கிறது. மேலாளர் படிப்பது அந்தச் சொல்லைத்தான்.

தமிழில் கூட்டம் வேறு, கூட்டுழைப்பு வேறு. நம் பள்ளிகளிலேயே பாருங்கள். சுற்றறிக்கை வாசிக்கப்படும் ஒரு மணி நேரக் கூட்டத்தில் நாமெல்லாம் அமர்ந்திருக்கிறோம். பின்னர் ஆசிரியர் அறையின் மூலையில் இருவர் நின்றபடியே, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு ஏன் பிடிபடவில்லை என்று பேசி, மறுநாள் பாடத்தையே மாற்றி அமைக்கின்றனர். முன்னதற்கு வருகைப் பதிவேடும் குறிப்பேடும் உள்ளன. பின்னதற்கு ஒரு வரியும் இல்லை.

கலைச்சொல் ஆக்குவோரிடமும் அதனைக் கற்பிப்போரிடமும் நாம் கேட்பது ஒன்றே: அப்பத்தியைத் தமிழாக்கும்போது 'கூட்டுழைப்பு நேரம்' என்னாது, 'தொடர்பில் இருந்த நேரம்' என்று எழுதுங்கள்.