ஈரல் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்குப் பின்னர்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞான பாடத்தில் ஈரலைப் படம் கீறிப் பெயர் குறித்த பாடசாலையில், அந்த உறுப்பைப் பற்றியே பேசக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ஈரலில் புற்றுநோய் என்றவுடன் எங்கள் ஊரில் எழும் முதற் கேள்வி, "அவர் குடிக்கிறவரோ?" என்பதுதான். அதற்குப் பயந்தே சில குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மதுவைத் தொட்டே பார்க்காத அம்மாமாருக்கும் இந்நோய் வருகிறது. நீரிழிவு, உடற்பருமன், கொழுப்பு ஈரல், ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு, பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் நஞ்சு என்பனவும் காரணங்களே. றாகமையில் 2007இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயதுடையோரில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குக் கொழுப்பு ஈரல் காணப்பட்டது.

ஈரல் தழும்பேறி இறுகிப்போவதைச் சிரோசிஸ் என்கிறோம். பெரும்பாலான ஈரல் புற்றுநோய்கள் அத்தகைய ஈரலிலேயே தோன்றுகின்றன. பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குச் சிரோசிஸ் இல்லாமலே வருகிறது. இவர்களுக்கு ஒரு பாதகம் உண்டு. சிரோசிஸ் நோயாளருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்கிறோம். இவர்களை அப்படித் தேடிப் பார்ப்பதில்லை. அதனால் கட்டி பெருத்த பின்னரே பலருக்குத் தெரியவருகிறது.

பெரிய சாதகமும் உண்டு. மிகுதி ஈரல் நலமாக இருந்தால், அதில் நாலிலொரு பங்கை விட்டுவிட்டு மற்றதை அகற்றலாம். சிரோசிஸ் என்றால் ஐந்தில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும். மிஞ்சிய நல்ல ஈரல் சில மாதங்களுக்குள் வளர்ந்து ஈடுகொடுக்கும்.

அனுபவமுள்ள சத்திரசிகிச்சைப் பிரிவுகளில், சத்திரசிகிச்சையை ஒட்டிய மரணம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கட்டி முழுமையாக அகற்றப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஆனால் அரைவாசிப் பேர் வரையில் நோய் திரும்பியும் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். கட்டி குருதிக்குழாய்க்குள் புகுந்திருந்தால் அந்த ஆபத்து கூடும். திரும்பி வந்ததை நேரத்தோடு கண்டால், ஈரல் நலமாக இருப்பதால் பலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய இடமுண்டு. ஆகவேதான் முதல் இரண்டு ஆண்டுகளும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

காயம் ஆறிவிட்டால் கிளினிக்கை மறப்பது எங்கள் வழக்கம். அதிலும் பெண்கள், "பிள்ளைக்குச் சோதினை முடியட்டும், மஞ்சவனப்பதியில் தேர் முடியட்டும்" என்று தங்களைத்தான் கடைசியாக வைப்பார்கள். கட்டி அதற்காகக் காத்திருக்காது.

உங்களோடு படித்த ஒருத்திக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், பழங்களோடு பார்க்கப் போங்கள். போகும்போது, "அடுத்த கிளினிக் எப்ப?" என்றும் கேளுங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் நீங்களே கூடப் போங்கள். பழைய மாணவிகள் சங்கம் ஒன்று செய்யக்கூடிய நல்ல வைத்தியம் அது.